வீட்டுக்குள் அடிக்க எது நல்லது?

"தொடாதே! மாப்பிள்ளை வந்து உக்காரட்டும், அப்புறம் தொடலாம்" என்று அம்மா அதட்டியதும், மேசையை நோக்கி நீண்ட சின்னவளின் கை பாதியிலேயே நின்றது.

சாப்பாட்டு மேசையில் நான்கு டப்பாக்கள் வரிசையாக நின்றன. உதட்டுச் சாயக் குழாய் அளவில், சாவி வளையம் கோத்த ரோஜா நிறக் குட்டி ஒன்று. அப்பாவின் ஷேவிங் நுரை டப்பா மாதிரி தடித்த ஒன்று. நடுத்தர உயரத்தில், கறுப்பு நிறத்தில், எதையோ பார்த்து முறைப்பதுபோல இரண்டு. எல்லாம் பெப்பர் ஸ்ப்ரே. சின்னவளின் பாதுகாப்புக்காக வந்தவை. சின்னவளைத் தவிர வீட்டில் எல்லோரும் அவற்றை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்தாகிவிட்டது.

அப்பா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பார். இப்போதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காலாவதித் தேதியைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் கார் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவன். அவன் டப்பாக்களின் மூக்கை மட்டும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். அக்கா சுவரோரமாக நாற்காலி போட்டு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஏற்கெனவே துடைத்த மேசையை இன்னொரு தடவை துடைத்தாள், மாப்பிள்ளை உட்காரும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தி.

மாப்பிள்ளை என்பது அக்காவின் கணவர். ஊரில் அவருக்குப் பாதுகாப்புச் சாதனக் கடை இருக்கிறது. கேமரா, பூட்டு, அலாரம், ஜன்னல் கம்பி. அவருடைய வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்று சொல்லி இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியவர், வருடம் திரும்பியும் பெட்டியைக் கட்டவில்லை. அப்பா தன் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் படுக்கிறார். அதைப் பெருமையாகவே நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிறார். பெண்ணைக் கொடுத்த இடத்தில் மரியாதை குறையக்கூடாது என்பது அப்பா. மாப்பிள்ளை மனசு கோணிவிட்டால் பெரியவள் வாழ்க்கை கோணிவிடும் என்பது அம்மா. இந்த இரண்டு வாக்கியங்களின் மேல்தான் அந்த வீட்டின் கூரையே நின்றது. சுவர்கள் சும்மா பெயருக்கு.

போன வாரம் பழைய அச்சகத்துக்குப் பின்னாலிருக்கும் பஸ் நிறுத்தத்தில் எவனோ ஒருவன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான். அவள் செருப்பைக் கழற்றியதும் ஓடிவிட்டான். அவள் அதோடு பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். தெருதான் இன்னும் அந்த நிறுத்தத்தைவிட்டு நகரவில்லை. சின்னவள் மாலை வகுப்புக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். எனவே வகுப்பை நிறுத்துவதா, ஸ்ப்ரே வாங்கிக் கொடுப்பதா என்று வீட்டில் சபை கூடிவிட்டது. சபைக்குத் தலைவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சின்னவளுக்கு அந்தப் பஸ் நிறுத்தத்தைக் கண்டு பயமே கிடையாது. அங்கே விளக்கு இருக்கிறது. செருப்புத் தைப்பவர் இருக்கிறார். செல்போன் உறை விற்கிறவன் இருக்கிறான், அவள் ஒருநாள் வராவிட்டால் மறுநாள், "என்னக்கா, லீவா?" என்று கேட்பான். அவளுக்குப் பயம் வேறோர் இடத்தில் இருந்தது. அது வீட்டுக்குள், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவேயுள்ள நடைவழியில்.

அந்த நடைவழியில் துணி துவைக்கும் மெஷின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒருவர் வந்தால் இன்னொருவர் நின்று வழிவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மாப்பிள்ளை மட்டும் நிற்கமாட்டார். "ஒரு நிமிஷம் மச்சினி" என்று சொல்லிக்கொண்டே நுழைவார். நுழையும்போது அவர் கை அவள் இடுப்பை ஓரம் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டு, பிறகு தள்ளுவதை மறந்துவிட்டதுபோல் அங்கேயே இருக்கும்.

முதல் தடவை அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நோயாளியின் வாயிலிருந்து எடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் உடைத்து எடுக்க வேண்டும். அதில் ஒரு குமிழ் தெரிந்தால்கூட, குறை மாவிலா தன் கையிலா என்று முதலில் தன் கையைத்தான் பார்ப்பாள். இதையும் அப்படியே பார்த்தாள். இடம் குறுகல்தானே? அவர் பருமன்தானே? நான்தான் சரியாக ஒதுங்கவில்லையோ? இரண்டாவது தடவை, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஓர் ஆள் தாராளமாகப் போகும்படி நின்று பார்த்தாள். அந்தக் கைக்கு அப்போதும் இடம் போதவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுக் கேட்டாள். முழுசாகக் கேட்டாள். பிறகு, "அவரு கலகலன்னு பழகறவரு. வெகுளி. நீதான் பாத்து ஒதுங்கிப் போகணும். இத வெளியில சொன்னா உங்கக்கா என்ன ஆவா, நெனச்சுப் பாத்தியா?" என்றாள். மறுநாள் நடைவழியில் இருந்த மங்கல் பல்பைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று மாட்டினாள். வேறொன்றும் செய்யவில்லை. இப்போது எல்லாமே நல்ல வெளிச்சத்தில் நடந்தது.

அதன் பிறகுதான் சின்னவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். பல்லுக்குக் கேப் செய்யும் வேலைக்கான சான்றிதழ் வகுப்பு. அது கிடைத்தால் மாவு ஊற்றும் மேசையைவிட்டு உள்ளறை மேசைக்குப் போகலாம். ஆனால் அவள் சேர்ந்தது மாலை நேரத்துக்காக. அப்பாவும் அம்மாவும் அப்பாவின் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குப் போவதும் அந்த நேரம்தான். அண்ணனுக்குப் பட்டறை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை. மாப்பிள்ளை கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து, கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்க்கிற நேரமும் அதுதான். வகுப்பு முடிந்து அவள் திரும்பும்போது அக்கா வந்திருப்பாள். அந்த வகுப்புப் போய்விட்டால் அவளுக்கு மிஞ்சுவது துணி மெஷினும், பெரிய பல்பும்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அம்மா டீ வைத்தாள்.

"என்னைக் கேட்டா வகுப்ப நிறுத்தறதுதான் நல்லது மாமா. காலம் கெட்டுக் கெடக்கு. பொம்பளப் புள்ளைங்கள வெளியில அனுப்பிட்டு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு. சரி, அவ ஆசப்படறா. அதான் கடையிலேர்ந்து நாலு தினுசு கொண்டாந்தேன்."

"உங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்றார் அப்பா.

"நம்ம வீட்டுப் பொண்ணு மாமா. இதுல என்ன சிரமம்?" மாப்பிள்ளை தடித்த டப்பாவை எடுத்தார். "இது நுரையா வரும். இது தாரையா வரும், தண்ணிப் பிச்சாங்குழல் மாதிரி. இது ஜெல்லு. இந்தச் சின்னது புகை மாதிரி பரவும். பொண்ணுங்க இதத்தான் கேக்கறாங்க. அழகா இருக்கு, பையில தொங்கவிட்டுக்கலாம். குறி பாக்கவே வேணாம், சும்மா அந்தப் பக்கம் பாத்து அமுக்கினாப் போதும்."

"காத்து எதுத்தாப்புல அடிச்சா?" என்று அண்ணன் பிடித்துக்கொண்டான். ஸ்ப்ரே என்று வந்துவிட்டால் அவன் பேச்சை நிறுத்த ஆளில்லை. "அத்தான், பரவற மாதிரி எத அடிச்சாலும் பாதி நம்ம மேலதான் வந்து விழும். நான் பம்பர் அடிக்கிறப்போ என் புருவத்துல கலர் ஏறுது. இவ பஸ் ஸ்டாப்புல காத்துக்கு எதிர நின்னு அடிச்சான்னு வெச்சுக்கோங்க, அவன் சிரிச்சுக்கிட்டே நிப்பான், இவதான் இருமிக்கிட்டு உக்காந்திருப்பா."

"பஸ் ஸ்டாப்புல காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?" என்று அப்பா சின்னவளிடம் கேட்டார். எல்லோரும் வீட்டில் இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவளைப் பார்த்துக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

"தெரியலப்பா. நான் பஸ் வருதான்னு பாப்பேன்."

"பொறுப்பே இல்ல" என்று அப்பா டப்பாவை மறுபடி கவிழ்த்தார். "இதுல காலாவதிக்கு இன்னும் நாள் இருக்கு. ஆனா வெயில்ல வெக்கக்கூடாதுன்னு போட்டிருக்கான்."

"அடிச்சா அந்தாளு கண்ணு போயிடாதே?" என்று அம்மா கவலைப்பட்டாள். "பாவம், ஏதோ புத்தி கெட்டுச் செய்யறான்னு வெச்சுக்கிட்டாலும், கண்ணு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சின்னவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "யாரு கண்ணும்மா?"

அம்மா மறுபடியும் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

"கண்ணெல்லாம் போகாது அத்த. கொஞ்ச நேரம் எரியும், அவ்வளவுதான்" என்று மாப்பிள்ளை சிரித்தார். பையிலிருந்து ஐந்தாவதாக ஒரு வெள்ளை டப்பாவை எடுத்தார். "இது பழகறதுக்கு. உள்ள வெறும் தண்ணி. வா மச்சினி, எந்திரி. வெச்சிருந்தா மட்டும் போதுமா? அடிக்கத் தெரிய வேணாமா?"

"வேணாம் அத்தான். நான் படிச்சுத் தெரிஞ்சுக்கறேன்."

"படிச்சா! வர்றவன், 'இரும்மா, படிச்சு முடி'ன்னு நிப்பானாக்கும்?"

அண்ணன் கைதட்டிச் சிரித்தான். "போடி, கத்துக்க. ஓசியில சொல்லித் தர்றாரு, இதுக்கும் கிராக்கி."

அப்பா தலையை ஆட்டினார். சின்னவள் எழுந்தாள். வெள்ளை டப்பாவை வலது கையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை அவளுக்குப் பின்னால் போனார்.

"நீ பாட்டுக்கு நின்னுட்டிருக்கே. பஸ் வரல. நான்தான் அந்தத் திருட்டுப் பய. இப்படி வர்றேன். இப்படிப் பிடிக்கறேன்."

அவர் இடது கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வலது கை அவள் வயிற்றைச் சுற்றி வந்து இறுகியது. அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடைவழியில் நடப்பது அப்படியே கூடத்துக்கு வந்துவிட்டது. டீயும் சபையும் கூடவே இருந்தன. அவள் உடம்பு பலகையாகிப்போனது. அவர் மூச்சு அவள் காதில் பட்டது.

"என்ன, அப்படியே நிக்கறே? அமுக்கு, அமுக்கு!"

அவள் அமுக்கினாள். மூக்கு எந்தப் பக்கம் என்று பார்க்காததால் தண்ணீர் அவள் முகத்திலேயே அடித்தது. அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்பாகூடச் சிரித்துவிட்டார். "அதான் சொல்றேன், பழகணும். இன்னொரு வாட்டி" என்றார் மாப்பிள்ளை. கை எடுக்கவில்லை.

அக்கா துணி மடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

சின்னவள் கையை உதறிக்கொண்டு முன்னால் நகர்ந்து, முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அண்ணா, உன்ன ஒண்ணு கேக்கறேன். காத்தே இல்லாத எடம். ரெண்டு பக்கமும் சுவரு. ஆளு இவ்வளவு கிட்ட. வீட்டுக்குள்ளன்னே வெச்சுக்கோ. அங்க அடிக்கறதுக்கு இதுல எது நல்லது?"

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தொழில் கேள்வி அல்லவா! "ஜெல்லுதான். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். மூடின எடத்துல புகை மாதிரி அடிச்சா வீடே இருமும். நுரை அங்கங்க சிதறும். ஜெல்லு கூழ் மாதிரி போயி அவன் மூஞ்சில மட்டும் அப்பிக்கும். தொடைக்கத் தொடைக்க இன்னும் பரவும். நம்ம வீட்டு நடையில மெஷின் பக்கம் நிக்கறேன்னு வையேன், அங்கல்லாம்..."

அங்கே வந்ததும் அவன் நாக்கு நின்றது. அவன் மெஷின் என்று சொன்ன பிறகுதான் மெஷின் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. சின்னவளைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். பிறகு ரொம்ப அவசரமாக டப்பாக்களின் மூக்கைப் பார்க்கத் தொடங்கினான்.

"வீட்டுக்குள்ள எதுக்குடி?" என்றார் அப்பா.

"வீட்டுக்குள்ளதான்ப்பா தேவைப்படுது."

டிவி ஓடாத கூடம் எவ்வளவு சின்னது என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். சிரிப்பு நன்றாகவே வந்தது, கடைக்காரர் அல்லவா. "பாத்தீங்களா மாமா? பயம் முத்திப் போச்சு. இதுக்குத்தான் வெளிய போகவேண்டாங்கறது. நாலு பேரோட சேந்து கண்டதையும் கேட்டுட்டு வந்து, வீட்ட வீடா பாக்க முடியல."

அப்பாவுக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. கையில் இருந்ததையே எடுத்துக்கொண்டார். "சரி, போதும். இந்தக் கண்றாவி டப்பா எதுவும் வேணாம். ஆபத்தான சாமான். வகுப்பும் வேணாம். சாயங்காலம் வேல விட்டதும் நேரா வீட்டுக்கு வந்து சேரு."

"வந்து சேந்தா, அந்த நேரத்துல வீட்டுல வேற யாருப்பா இருப்பாங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அப்பா வாயைத் திறந்தார். பதில் சுலபமானது. தன்னைக் கழித்து, மனைவியைக் கழித்து, மகனைக் கழித்து, பெரியவளையும் கழித்தால் மிச்சம் யார் என்று சொல்வதற்கு முப்பது வருடம் மீட்டர் பார்த்த ஆளுக்கு என்ன கஷ்டம்? அவர் முகத்தைப் பார்த்தாலே கழித்து முடித்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் திரும்பினார். மகளின் பக்கம் திரும்பவில்லை.

"மாப்பிள்ளை, நீங்க ஒண்ணும் தப்பா நெனச்சுக்காதீங்க. சின்னப் பொண்ணு."

"நான் எதுக்கு மாமா தப்பா நெனக்கறேன்?" மாப்பிள்ளை டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார், சத்தம் கேட்கும்படி. "ஒரு வேள நாங்க இங்க இருக்கறது யாருக்காவது எடஞ்சலா இருக்கோ என்னவோ. வாடக வீடு ஒண்ணு பாத்துட்டுப் போயிடறோம். அதுல என்ன."

"ஐயோ, என்ன பேச்சு இது!" என்று அம்மா பதறிப்போய் ஓடிவந்தாள். மகளின் வயிற்றைச் சுற்றிக் கை இறுகியபோது அசையாத அம்மா, மாப்பிள்ளையின் பை மூடப்பட்டபோது ஓடிவந்தாள். "அவளுக்குப் புத்தியில்லைன்னு நீங்களும் இப்படிப் பேசலாமா? டீ ஆறிப்போச்சு, வேற போட்டுத் தர்றேன்."

வேறு டீ வந்தது. அவர் குடித்தார். மன்னித்தார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் சின்னவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வந்து பக்கத்தில் நின்று, கழுவியதை வாங்கித் துடைக்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் வருகிறவர்களிடம் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எத்தன நாளா?"

"நீங்க வந்து கொஞ்ச நாள்லேர்ந்து."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"அம்மாகிட்ட சொன்னேன்."

அக்காவின் உதடு கோணியது. "அம்மாகிட்டயா! நான்கூடக் கல்யாணமான புதுசுல அம்மாகிட்ட வந்து சொன்னேன். கடையில வேல பாத்த பொண்ணு ஒருத்தி அழுதுட்டுப் போனாளேன்னு. 'ஆம்பள வெளியில ஆயிரம் பண்ணுவான், ராத்திரி வீட்டுக்கு வர்றானா இல்லையா'ன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வர்றாருன்னேன். 'அப்புறம் என்ன'ன்னுட்டாங்க." கிண்ணத்தைத் துடைத்து வைத்தாள். "இப்ப வெளியில போறதேயில்ல பாரு. அம்மாவுக்குச் சந்தோஷமா இருக்கும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை இருவருமே ஒழுங்காகச் சிரித்து முடிக்கவில்லை.

"நீ வகுப்புக்குப் போ" என்றாள் அக்கா.

சின்னவள் போனாள். வகுப்புக்குப் பக்கத்தில் பூட்டு, குடை, டார்ச் விற்கும் ஒரு கடை இருந்தது. கடைக்காரி, "எந்தப் பக்கமாப் போவே? அந்தப் பழைய பிரஸ் வழியா? அப்போ கொஞ்சம் தூரம் போற மாதிரி பாத்துக்கோ" என்றாள். சின்னவள், "தூரம் வேணாம்க்கா. கிட்டத்துலதான்" என்றாள். ஜெல் டப்பாவை வாங்கி, பாதுகாப்புத் திருகு எந்தப் பக்கம் போகிறது, மூக்கு எங்கே பார்க்கிறது என்று கடை வாசலிலேயே நின்று பார்த்தாள். இந்தத் தடவை இரண்டு முறை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அதைத் தலையணைக்கு அடியிலோ பைக்குள்ளோ ஒளிக்கவில்லை. நடைவழியில், துணி மெஷினின் மேல், சோப்புத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம். அம்மா மெஷினைத் துடைக்கும்போது அந்த டப்பாவை நகர்த்தாமல் அதைச் சுற்றித் துடைத்தாள். அண்ணன் ஒருநாள் அதைக் கையில் எடுத்து, மூக்கை ஆராய்ந்து, "நல்ல கம்பெனி" என்று முணுமுணுத்துவிட்டு வைத்தான். தங்கையிடம் அவன் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அப்பா அவள் மாலையில் கிளம்பும்போது செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வகுப்புக்குப் போகாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று பேச்சு வந்தால் எல்லாப் பேச்சும் வரும். மாப்பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக அடைத்த வாய், மகளைத் தடுப்பதற்கும் திறக்க முடியாமல் போயிற்று.

மாப்பிள்ளைக்குப் புதிதாக ஒரு நாகரிகம் வந்தது. குளியலறைக்குப் போகும் முன் நடைவழியின் முனையில் நின்று இருமினார். "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். இருந்தால் காத்திருந்தார். வழிவிடத் தெரியாத மனிதர் என்று இத்தனை நாள் நினைத்தது தப்பு. அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆனால் வெளியில் அவர் மதிப்பு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. ஒரு விடுமுறை மதியம், எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். அவள் கணவன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவளும், பள்ளிக்கூடம் போகிற மகளும், கணவனின் தம்பியும். வந்தவள் கூடத்து வாசலில் நின்றபடியே, "அண்ணன்கிட்ட ஒரு யோசனை கேக்கணும்" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள். "பாப்பாவுக்கு டியூஷன் அந்தப் பஸ் ஸ்டாப்பு வழியாத்தான். ஒரே பயமா இருக்கு. ஏதோ ஸ்ப்ரேன்னு சொல்றாங்களே, உங்க கடையில இருக்குமாமே."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய சபை திரும்பி வந்ததுபோல அவருக்கு ஒரு தெம்பு. "சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கே! எங்க மாப்பிள்ளைகிட்ட கேளு. பாதுகாப்புன்னா அவருதான். அவரு வீட்டுல இருக்கறதாலதான் நாங்க நிம்மதியாத் தூங்கறோம்."

மாப்பிள்ளை அடக்கத்தோடு கையைத் தேய்த்துக்கொண்டார். "சின்னப் பொண்ணுக்குன்னா ரோஜாக் கலர்ல குட்டியா ஒண்ணு இருக்கும்மா. சாவிக்கொத்து மாதிரி. பாப்பாவ நாளைக்குக் கடைக்கு அனுப்பி வை. எப்படி அடிக்கறதுன்னு நானே சொல்லிக் குடுத்து..."

"அனுப்பாதே."

அக்காதான். அவள் சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் பாதி மடித்த போர்வை இருந்தது. குரலில் கோபம் ஒன்றும் இல்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, எந்த அறை எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரல்.

"பொண்ண கடைக்கு அனுப்பாதே. இவருகிட்ட வாங்கவும் வாங்காதே. அந்தக் குட்டி டப்பா புகை மாதிரி போகும், மூடின எடத்துல ஆகாது. ஜெல்லு வாங்கு. வெளியிலயும் ஆகும், வீட்டுக்குள்ளயும் ஆகும்."

மாப்பிள்ளையின் கைகள் தேய்ப்பதை நிறுத்தின. "ஏய்," என்றார்.

"வீட்டுக்குள்ள எதுக்குங்க?" என்று தையல்காரி கேட்டாள்.

"எங்க வீட்டுல நடையிலதான் வெச்சிருக்கோம். வா, காட்டறேன்."

அம்மா, "அடியே, அடியே" என்று எழுந்தாள். யாரை நிறுத்துவது என்று தெரியாமல் நடுக்கூடத்தில் நின்றாள். அப்பா, "மாப்பிள்ளை, நீங்க..." என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளையிடம் இந்தத் தடவை எதற்காக மன்னிப்புக் கேட்பது என்று அவருக்கே விளங்கவில்லை. அக்கா யாரையும் பார்க்கவில்லை. போர்வையை நாற்காலியில் போட்டுவிட்டு, தையல்காரியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

நடைவழியில் சின்னவள் துணிகளை மெஷினுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் வருவதைக் கண்டு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். தையல்காரி மெஷின் மேலிருந்த டப்பாவைப் பார்த்தாள். இரண்டு பக்கச் சுவர்களைப் பார்த்தாள். சின்னவளின் முகத்தைப் பார்த்தாள். ஏன் என்றோ, யார் என்றோ அவள் கேட்கவில்லை.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. வாசலைப் பார்த்து, யாருக்கோ சொல்வதுபோல், "பஸ் ஸ்டாப்புல ஒரு போலீஸ்காரரைப் போடச் சொல்லி மனு குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தையல்காரி ஒரு தடவை திரும்பி, தன் வீடு இருக்கும் திசையில் பார்த்துவிட்டு, சின்னவளுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எந்தக் கடையில வாங்குனே?"